உதவி தேவை: 10,000 ஐஓபிஎஸ் எடுத்தும் மாலையில் தரவுத்தளம் தவழ்கிறது, ஐஓ2 வட்டுக்கு மாறலாமா?

கோவை_இரவுப்பணி (இரவு 9.40)
வணக்கம். எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அமேசான் மேகக்கணினிச் சேவையின் வட வர்ஜீனியா மையத்தில், 500 கிகாபைட் வட்டு ஒன்றில் இருக்கிறது. சென்ற மாதம் அதை ஜிபி2 வகையிலிருந்து ஜிபி3 வகைக்கு மாற்றி 10,000 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை வாசிப்பு, எழுத்து என்ற அளவு) எடுத்தோம். பகலில் எல்லாம் சரியாக இருக்கிறது. மாலை ஏழு மணியானால் வினவல்கள் தவழத் தொடங்கிவிடுகின்றன. மேலாளர் விலை கூடிய ஐஓ2 வகைக்கு மாறச் சொல்கிறார். மாறினால் தீருமா, அல்லது குறைந்த செலவில் வேறு வழி உண்டா? நாளை காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

தரவுத்தோழி (9.52)
எந்த இன்ஸ்டன்ஸில் (வாடகை இயந்திரத்தில்) இயக்குகிறீர்கள் என்று சொல்லவில்லையே? வட்டின் த்ரூபுட் (நொடிக்கு எத்தனை மெகாபைட்) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? ஏழு மணிக்கு வட்டின் வாசிப்பும் எழுத்தும் எத்தனை என்று கண்காணிப்புப் பலகையில் பார்த்தீர்களா? இவை தெரியாமல் யார் சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

குளிர்_பிரதி (9.58)
இது ஸ்னாப்ஷாட் (வட்டின் காப்பு நகல்) கோளாறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய வட்டில், ஒவ்வொரு பகுதியும் முதன்முறை தொடப்படும்போதுதான் அமேசானின் எஸ்3 சேமிப்பகத்திலிருந்து இறங்குகிறது. அதுவரை தாமதம் பல மடங்காக இருக்கும். வட்டு முழுவதையும் ஒரு முறை வாசித்து முடியுங்கள், சரியாகிவிடும்.

பழைய_சர்வர் (10.15)
தம்பி, விலைப்பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வட வர்ஜீனியாவின் பட்டியல் விலையில் கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஜிபி3-க்கு மாதம் ஒரு கிகாபைட்டுக்கு 0.08 டாலர் என்பதால் 500-க்கு 40 டாலர். 3,000 ஐஓபிஎஸ் விலையில் அடங்கியது. மீதி 7,000-க்கு 0.005 வீதம் 35 டாலர் சேர்ந்து மொத்தம் 75 டாலர். ஐஓ2-இல் கிகாபைட்டுக்கு 0.125 வீதம் 62.50 டாலரும், முதல் ஐஓபிஎஸ்ஸிலிருந்தே 0.065 வீதம் 650 டாலரும் ஆகி, மொத்தம் 712.50 டாலர். ஒன்பதரை மடங்கு கொடுப்பதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் நிர்வாகியின் வேலை. அடிப்படையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் பழக்கம் இங்கே குறைந்துவிட்டது.

கோவை_இரவுப்பணி (10.31)
ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லை. இயங்கிக்கொண்டிருந்த வட்டிலேயே வகையை மாற்றினோம். த்ரூபுட் 125, அதைத் தொடவில்லை. நண்பகலில் எஃப்ஐஓ என்ற வட்டுச் சோதனைக் கருவி கொண்டு ஐந்து நிமிடம் சோதித்தபோது 10,000 முழுமையாக வந்தது. அமெரிக்காவில் காலை ஒன்பது ஆகும்போது, அதாவது நமக்கு மாலை ஆறரைக்கு, பயனர்கள் நுழைகிறார்கள். முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடுகிறது. அதன்பின் வரைபடத்தில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 3,600-இல் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நிற்கிறது.

என்விஎம்இ_பக்தன் (10.38)
வலைப்பின்னல் வழியாக வரும் வட்டு எதுவாக இருந்தாலும் கதை இதுதான். ஐ4ஐ வகை இயந்திரத்தில் உள்ளேயே பொருத்திய என்விஎம்இ வட்டைப் பயன்படுத்துங்கள். ஐஓபிஎஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. தாமதமும் மிகக் குறைவு.

பழைய_சர்வர் (10.44)
அந்த இயந்திரத்தை நிறுத்தினால் உள்வட்டில் இருப்பதெல்லாம் போய்விடும் என்பதைச் சொல்லாமல் ஒருவருக்கு அறிவுரை தருவது பொறுப்பற்ற செயல்.

என்விஎம்இ_பக்தன் (10.51)
பிரதி வைத்துக்கொண்டால் போகாது. ஜிபி3 மட்டும் அழியாததா? அதன் ஆண்டு நீடிப்புத்தன்மை 99.8 முதல் 99.9 விழுக்காடுதான், ஆயிரம் வட்டுகளில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு போகலாம் என்பதே அதன் பொருள். எந்த வட்டை எடுத்தாலும் பிரதி கட்டாயம் என்றால், வேகமான வட்டை ஏன் எடுக்கக் கூடாது?

பழைய_சர்வர் (11.03)
வட்டு பழுதாவதும், பின்னிரவில் யாரோ ஒருவர் கவனக்குறைவாக இயந்திரத்தை நிறுத்திவிடுவதும் ஒரே அளவு ஆபத்தல்ல. இரண்டாவது நேர்ந்ததை நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பார்த்திருக்கிறேன். பிரதி இருந்தது, ஆனால் நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. அந்த நாற்பது நிமிடத்துப் பதிவுகளை வாடிக்கையாளர்களிடமே கேட்டுத் திரும்ப ஏற்றினோம்.

தரவுத்தோழி (11.10)
இந்த விவாதத்தைத் தனி இழையில் நடத்துங்கள், இருவரிடமும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குக் காலை வரைதான் நேரம் இருக்கிறது. கோவை நண்பரே, நான் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, ஆனால் உங்கள் 3,600 அதைச் சொல்லிவிட்டது. நீங்கள் எம்5.லார்ஜ் அல்லது ஆர்5.லார்ஜ் இயந்திரம் வைத்திருக்கிறீர்கள், சரிதானா? வட்டுக்கு ஒரு வரம்பு இருப்பதுபோல, வட்டோடு பேசுவதற்கு இயந்திரத்துக்கும் தனி வரம்பு உண்டு. அந்த இரண்டிலும் நிரந்தரமாகக் கிடைப்பது 3,600 ஐஓபிஎஸ், நொடிக்கு 81.25 மெகாபைட். அதற்கு மேல் 18,750 வரை போகலாம் என்று பட்டியலில் இருப்பது சுமை குறைந்த நேரத்தில் சேர்ந்த வரவிலிருந்து செலவழிப்பது. முழு வேகத்தில் ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குத்தான் வரும். உங்கள் ஐந்து நிமிடச் சோதனை அந்த வரவைச் செலவழித்தே தேறியது. இந்த வகைச் சோதனையை ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நடத்தவே கூடாது. இன்ஸ்டன்ஸின் கண்காணிப்பில் அந்த வரவில் மீதியைக் காட்டும் ஈபிஎஸ் ஐஓ பேலன்ஸ் என்ற அளவீட்டைப் பாருங்கள்; ஏழு மணிக்கு அது பூஜ்யத்தைத் தொட்டிருந்தால், ஐஓ2-க்கு மாறினாலும் அதே 3,600-இல்தான் நிற்கும். 712 டாலரும் வீண்.

த்ரூபுட்டைப் பற்றி அஞ்ச வேண்டாம். போஸ்ட்கிரெஸ் பக்கம் (அது ஒரு முறையில் வாசிக்கும் அலகு) ஒன்று 8 கிலோபைட் என்பதால் 10,000 தனித்தனி வாசிப்புகளும் சேர்ந்து 80 மெகாபைட்டைத்தான் ஒட்டி வரும், 125 போதும்.

மதுரை_டிபிஏ (11.24)
தரவுத்தோழி சொல்வது முற்றிலும் சரி. ஐஓ2-ஐ எப்போது எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐஓபிஎஸ் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஒன்று முடிந்தபின் ஒன்றாக வரிசையில் நடக்கும் எழுத்துக்குத் தாமதம்தான் எல்லை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிநொடி எடுத்தால், நீங்கள் 10,000 வாங்கினாலும் 16,000 வாங்கினாலும் நொடிக்கு ஆயிரம்தான் முடியும். பரிவர்த்தனைப் பதிவை ஒவ்வொரு கமிட்டுக்கும் (பரிவர்த்தனை முடிவுக்கும்) வட்டில் உறுதி செய்யும் தரவுத்தளத்தில் இது நேரடியாகத் தெரியும். ஜிபி3 வாக்களிப்பது ஒற்றை இலக்க மில்லிநொடி. ஐஓ2 பிளாக் எக்ஸ்பிரஸ் 16 கிலோபைட்டுக்குச் சராசரியாக அரை மில்லிநொடிக்கும் குறைவு. அந்த வேறுபாடும் 99.999 விழுக்காடு நீடிப்புத்தன்மையும் தேவைப்படுபவர்கள்தான் அந்த விலையைக் கொடுக்க வேண்டும்.

குளிர்_பிரதி (11.30)
நான் அவசரப்பட்டுவிட்டேன். நாள்தோறும் ஒரே நேரத்தில் வருவதால் இது ஸ்னாப்ஷாட் கோளாறாக இருக்க முடியாது.

அசூர்_பயணி (11.47)
இதே சிக்கல் மைக்ரோசாஃப்டின் அசூரிலும் உண்டு. பி30 வட்டு 5,000 ஐஓபிஎஸ் தரும், ஆனால் டி2எஸ் வி3 இயந்திரம் கேச் (இடைநினைவு) இல்லாத வட்டுகளுக்கு நிரந்தரமாக 3,200-க்கு மேல் விடாது. வட்டின் பட்டியலையும் இயந்திரத்தின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்துச் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

கோவை_இரவுப்பணி (மூன்று நாள் கழித்து)
ஆர்5.லார்ஜ்தான். பேலன்ஸ் சரியாக 7.04-க்குப் பூஜ்யம். நிரந்தரமாக 6,000 தரும் ஆர்5.எக்ஸ்லார்ஜுக்கு மாற்றினோம், மாதம் சுமார் 92 டாலர் கூடுதல். நினைவகம் 16-இலிருந்து 32 ஆனதால் வட்டு வாசிப்பே பாதியாகிவிட்டது, ஆகவே வட்டையும் 6,000-க்கு இறக்கி 20 டாலர் மிச்சம் பிடித்தோம். அனைவருக்கும் நன்றி.

மதுரை_டிபிஏ
மகிழ்ச்சி. மாற்றத்துக்கு முந்தைய, பிந்தைய வரைபடங்கள் இருந்தால் இங்கே இடுங்கள், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.