குளிர்ந்த எஞ்சின் காலையில் திணறுகிறது, சூடானால் சரியாகிவிடுகிறது

கேள்வி: சின்ன பெட்ரோல் கார், இன்ஜெக்‌ஷன் வண்டி. ராத்திரி முழுக்க நின்றபிறகு ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) குலுங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி விக்கி அப்புறம்தான் இழுக்கிறது. ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு குறையும் இல்லை. பிளக் புதிது. எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

பதில் 1: முதலில் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பத்தை அளக்கும் சென்சார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாகப் பெட்ரோல் விடவேண்டும். சென்சார் சூடாக இருப்பதாகத் தப்பாகச் சொன்னால் கலவையில் பெட்ரோல் குறைந்து இப்படித்தான் விக்கும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஸ்கேனரை (சென்சார் அளவுகளைப் படித்துக் காட்டும் கருவி) மாட்டி, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும்.

பதில் 2: சென்சார் சரியாக இருந்தால், எஞ்சினின் உறிஞ்சுவிசையைக் கடத்தும் வேக்குவம் குழாய்களைத் தடவிப் பாருங்கள். என் வண்டியில் ஒரு ரப்பர் குழாயின் முனையில் மயிரிழை வெடிப்பு, வளைத்தால்தான் தெரிந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தாலும் ஐடில் குலுங்கும்.

கேட்டவர்: பார்த்தேன். காற்று 22 டிகிரி, கூலன்ட் 61! சென்சாரை மாற்றினேன், இன்று காலை ஒரே சீராக நின்றது. ரொம்ப நன்றி.