பிடரி நரம்பில் மரப்பு ஊசி: போட்டுக்கொண்டவர்களின் அனுபவம் தேவை

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலியோடு வாழ்ந்து வருகிறேன். முன்பு எப்போதாவது வந்துபோன வலி இப்போது மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் இருக்கிறது. இடப்பக்கப் பிடரியில் இறுக்கமாகத் தொடங்கி, மெல்ல மேலேறி, கண்ணுக்குப் பின்னால் வந்து குத்துகிறது. அதன்பின் வெளிச்சமும் ஓசையும் தாங்க முடிவதில்லை. வலி வராமல் தடுக்கத் தந்த மாத்திரைகளில் புரோப்ரனலால் எனக்குப் பயன் தரவில்லை. டோபிராமேட் வலியைக் குறைத்தது, ஆனால் பேசும்போது சொற்கள் நினைவுக்கு வராமல் தடுமாறியதால் மருத்துவரே அதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலான நாட்களில் ஏதாவது ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

இப்போது நரம்பியல் மருத்துவர் பின்மண்டையில் 'நெர்வ் பிளாக்' எனப்படும், நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். கண்ணில் இருக்கும் வலிக்குப் பின்மண்டையில் போடும் ஊசி எப்படிப் பயன் தரும்? மரப்பு மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றால் அதற்குப் பிறகு என்ன ஆகும்? போட்டுக்கொண்டவர்கள் நல்லதோ கெட்டதோ உள்ளபடி சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

நானும் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரிதான். இந்த ஊசியைப் பலமுறை போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் முதல் கேள்வியை நானும் என் மருத்துவரிடம் கேட்டேன். பின்மண்டையின் தோலுக்கு உணர்வு தருகிற பெரிய பிடரி நரம்பு, இரண்டாவது கழுத்து நரம்பிலிருந்து கிளைத்து மேலே வருகிறது. நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும் உணர்வு தருவது முகத்தின் முக்கிளை நரம்பு. தொடக்கம் வேறு வேறு என்றாலும், இரண்டும் கொண்டுவரும் வலிச் செய்திகள் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதியிலும் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் வந்து சேர்கின்றன. பிடரியில் தொடங்கும் வலி கண்ணில் தெரிவது இதனால்தான். பிடரியிலிருந்து போகும் செய்தியைச் சிறிது நேரம் நிறுத்தினால், ஓயாமல் தூண்டப்பட்டுக் கிடக்கும் அந்த இடம் அடங்குவதற்கு வாய்ப்புக் கிடைக்கிறது. மரப்பு நீங்கிய பிறகும் சிலருக்கு நிவாரணம் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீடிப்பதற்கு இதையே காரணமாகக் கருதுகிறார்கள்.

ஊசி போடும் முறை எளியது. பின்மண்டையின் நடுவில் புடைத்திருக்கும் எலும்புக்கும் காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கும் இடையே விரலால் அழுத்திப் பார்த்து, நரம்பு ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, மெல்லிய ஊசியால் லிடோகெயின் அல்லது புபிவகெயின் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். அருகிலேயே ஒரு தமனி ஓடுவதால், மருந்தைச் செலுத்தும் முன் ஊசியைச் சற்றுப் பின்னிழுத்து, இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். சுருக்கென்ற எரிச்சல், பிறகு கனத்த அழுத்தம், சில நிமிடங்களில் உச்சந்தலை வரை மரத்துப்போதல்: என் அனுபவம் இவ்வளவுதான். மரத்துப்போனால் மருந்து சரியான இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். வலி குறையும் என்பதற்கு அது உறுதி ஆகாது.

எனக்கு வலி முழுவதுமாக நின்றதில்லை. ஆனால் கூர்மை தணிந்து, இரவில் தூங்க முடிந்தது. அப்படிக் கிடைத்த இடைவெளியில்தான் புதிய தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, அது வேலை செய்யும் வரை காத்திருக்க என்னால் முடிந்தது. இந்த ஊசியை நோய் தீர்க்கும் மருந்தாக எண்ணிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். மற்ற சிகிச்சைகள் காலூன்றுவதற்கு அவகாசம் வாங்கித் தரும் வழியாக எண்ணினால் அதன் அருமை தெரியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி 2

எனக்கு இந்த ஊசி பலன் தரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். தலை மரத்தது, மரப்பு நீங்கியதும் வலி பழையபடி திரும்பியது. மறுமுறையும் அப்படியே ஆனதால் நிறுத்திவிட்டு போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசிக்கு மாறினேன். அது வேறு சிகிச்சை: நெற்றி, பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என 31 இடங்களில் மொத்தம் 155 அலகுகள், 12 வாரங்களுக்கு ஒருமுறை. பலன் மெதுவாகத்தான் வந்தது என்றாலும் நிலைத்தது. சி.ஜி.ஆர்.பி. என்னும் வலிப் புரதத்தைத் தடுக்கும் மாதாந்திர ஊசிகளும் 2018 முதல் வந்திருக்கின்றன. ஆகவே இந்த ஒன்று உதவாவிட்டால் வழி அடைந்துவிட்டது என்று தயவுசெய்து மனம் தளர்ந்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்றை முன்பே சொல்லியிருக்கலாம்: எனக்கு நீரிழிவு உண்டு. ஊசியில் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அது அவசியமா? தலைமுடி கொட்டும் என்பதும் உண்மையா?

மறுமொழி 3

தலைவலிப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நீரிழிவு இருப்பதை ஊசி போடுபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சேர்த்தால் சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறலாம். ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிந்து குழி விழுவதும், அந்தச் சிறு பகுதியில் முடி உதிர்வதும் சிலருக்கு நேர்வது உண்மை. ஒரு கண்ணைச் சுற்றிக் கடுமையாக அடுத்தடுத்து வரும் கொத்துத் தலைவலிக்கு ஸ்டீராய்டின் பங்கு முக்கியமானது. நாட்பட்ட ஒற்றைத் தலைவலியிலோ, அதைச் சேர்ப்பதால் கூடுதல் பயன் உண்டு என்பது தெளிவாக நிறுவப்படவில்லை. எனவே மரப்பு மருந்தை மட்டும் போட முடியுமா என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், மரப்பு மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், அந்த இடத்தில் மண்டையோட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் சிலருக்குத் தலைசுற்றும். சற்று நேரம் அங்கேயே அமர்ந்திருந்து, கூட வந்தவருடன் வீடு திரும்புவது நல்லது.

உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது ஊசியைவிட, பெரும்பாலான நாட்களில் வலி மாத்திரை என்ற வரிதான். பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மாத்திரை), ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றை 10 நாட்களோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், அந்த மாத்திரைகளே தலைவலியை வளர்க்கக்கூடும். அவற்றைக் குறைக்கும்போது தொடக்கத்தில் வலி கூடும். அந்தக் கடினமான நாட்களைக் கடக்கத் துணையாக இந்த ஊசியைப் பயன்படுத்தும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் முழுமையாகச் சொல்லுங்கள். ஓபியாய்டோ தூக்கமூட்டும் மருந்தோ கலந்த மாத்திரையாக இருந்தால் நீங்களாகவே திடீரென நிறுத்த வேண்டாம்.

ஊசிக்கு முன்பே நாட்குறிப்பு எழுதத் தொடங்குங்கள்: வலி இருந்த நாள், அதன் கடுமை, எடுத்த மாத்திரை ஆகிய மூன்றும் போதும். ஒருமுறை போட்டதும் பலன் தெரியாதவர்களுக்கு மறுமுறை தெரிவதும் உண்டு. மரப்பு மருந்து மட்டும் என்றால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் மீண்டும் போடலாம். ஸ்டீராய்டு சேர்த்திருந்தால் மூன்று மாத இடைவெளி விடுவதே வழக்கம்.