பழைய பானட் கேபிளை வாங்கிப் பொருத்தலாமா?

ஈசூன்வாசி:
வணக்கம். 2012-இல் பதிவான, ஏழு இருக்கைகள் கொண்ட ஜப்பானியக் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். 2022-இல் சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். சென்ற வாரம் எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்ப்பதற்காக ஓட்டுநர் பக்கத்தில் கால் வைக்கும் இடத்தருகே உள்ள பிடியை இழுத்தபோது, எந்தப் பிடிமானமும் இல்லாமல் அது தளர்ந்து வந்ததே தவிர பானட் (எஞ்சினின் மேல்மூடி) திறக்கவில்லை. பிடியையும் பானட் பூட்டையும் இணைக்கும் கேபிள் அறுந்திருக்கும் என்றும், புதியதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சில வாரங்கள் ஆகும் என்றும், பழையது என்றால் உடனே கிடைக்கும் என்றும் பட்டறையில் சொல்கிறார்கள். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடியும் நீட்டிக்க முடியாது என்பதால் 2027-இல் இந்தக் காரின் பதிவு எப்படியும் முடிந்துவிடும். அதுவரை பழைய கேபிள் தாங்குமா? வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்? பத்து வயதைக் கடந்த கார் என்பதால் ஆண்டுதோறும் ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அந்த நாளும் நெருங்குகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காக்கி புக்கிட் பட்டறைக்காரர்:
வணக்கம் ஐயா. கேபிளைத் தேடுவதற்கு முன்னால், அறுந்தது கேபிள்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் பிடி உடைந்திருந்தாலும், உள்கம்பியின் நுனியிலுள்ள உலோகக் குமிழ் பிடியிலிருந்து கழன்றிருந்தாலும் நீங்கள் சொல்லும் அதே அறிகுறிதான் தெரியும். பிடியைக் கழற்றிப் பாருங்கள். கம்பியின் முனை கண்ணுக்குத் தெரிந்தால், அதை இறுக்கிப் பூட்டும் குறடு ஒன்றால் பற்றி நேராக இழுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் பானட்டின் முன்விளிம்பை உள்ளங்கையால் கீழே அழுத்தி விட வேண்டும். பூட்டின் மீதுள்ள இறுக்கம் தளர்வதால், இழுவிசை குறைந்த நிலையிலும் பல நேரங்களில் அது திறந்துகொள்ளும். அப்படித் திறந்துவிட்டால் உங்களுக்குப் பிடி மட்டும் போதுமானதாக இருக்கலாம். பழைய பிடியை வாங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கேபிளைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. உள்கம்பி என்பது பல மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்தது. அது பிளாஸ்டிக் உறைக்குள் ஓடுவதால், நடுவில் துரு ஏறியிருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. இழைகள் பெரும்பாலும் கம்பி உறையைவிட்டு வெளியே வரும் இடத்தில், பூட்டுக்கு அருகில், ஒவ்வொன்றாக அறுகின்றன. அங்கேதான் மழைநீரும் சாலைத் தூசியும் முதலில் வந்து சேர்கின்றன. பழைய கேபிள் உங்கள் கேபிளின் வயதையொட்டியதாகவே இருக்கும்; அதே ஈரத்தையும் அதே வெப்பத்தையும் அதுவும் பார்த்திருக்கும்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேபிள் தானாக அறுவதைவிட, பானட் பூட்டு இறுகியதால் அறுவதே அதிகம். பூட்டில் பூசிய கிரீஸ் நாளடைவில் கழுவப்பட்டு, மீதமுள்ளது தூசியோடு கலந்து கெட்டியாகிவிடுகிறது; பிடியை ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதலான பலத்தோடு இழுக்கிறோம், அந்தப் பலம் முழுவதையும் மெல்லிய இழைகள் தாங்குகின்றன. பூட்டைச் சுத்தம் செய்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவி, விரலால் தள்ளினாலே அசையும் நிலைக்குக் கொண்டுவராமல் புதிய கேபிளைப் போட்டால்கூட அதுவும் அதே வழியில் போகும்.

ஊபி நண்பர்:
பட்டறைக்கார அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பழையதை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இங்கே சிங்கப்பூரில் ஏராளமான கார்கள் பத்தாவது ஆண்டோடு பதிவு நீக்கப்படுகின்றன. நீக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் அவற்றை அழித்துவிடவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும். ஆகவே நல்ல பராமரிப்பில் இருந்த கார்களின் பாகங்களும் சந்தைக்கு வருகின்றன. எல்லைக்கு அப்பால் மலேசியாவில், ஜோகூர் பாருவின் ஹாஃப்கட் கடைகளிலும் (வெட்டிப் பிரித்த பழைய கார்களின் பாகங்களை விற்பவை) இவை கிடைக்கும்.

வாங்குவதாக இருந்தால் கேபிளை மட்டும் கேட்காதீர்கள். பிடி, கேபிள், பூட்டு, எஞ்சின் பகுதிக்கும் உட்பகுதிக்கும் இடையிலுள்ள தகரத் தடுப்பில் உட்காரும் ரப்பர் வளையம் ஆகிய அனைத்தையும் ஒரே காரிலிருந்து வந்த தொகுப்பாகக் கேளுங்கள். அவசரமாகப் பிரிப்பவர்கள் தடுப்பின் ஓரத்திலேயே கேபிளை வெட்டிவிடுவதும், வெடுக்கென்று இழுத்து மடித்துவிடுவதும் உண்டு. ஒருமுறை கூர்மையாக மடிந்த உறை, நேராக்கிய பிறகும் உள்ளே கம்பியைக் கவ்விக்கொண்டே இருக்கும். கடையிலேயே கேபிளை அகலமான வளைவாகப் பிடித்து, இரு முனைகளிலும் மாறி மாறி இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு எங்கும் தட்டுப்படக்கூடாது. முனைகளில் பழுப்புநிறப் பொடி உதிர்ந்தாலோ, ஓர் இழை மட்டும் சிலிர்த்து நின்றாலோ வாங்காதீர்கள். சொட்டச் சொட்ட எண்ணெய் ஊற்றி வைத்திருக்கும் கேபிளையும் நான் நம்புவதில்லை; விற்பதற்காக மட்டும் அது அப்போது சரளமாக ஓடுகிறது. ஜோகூரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் திரும்பினால் பொருள் சேவை வரி விலக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைதான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கேபிளுக்கு அது பொருட்டில்லை, ஆனால் அங்கே போனால் யாரும் கேபிளோடு நிறுத்திக்கொள்வதில்லை.

பிடோக் வாசகி:
ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு குறிப்பு. வலப்பக்க ஓட்டுநர் இருக்கை கொண்ட ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் பானட் பிடி இடப்பக்கப் பயணியின் காலடியிலேயே இருக்கிறது. பிடி எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துக் கேபிளின் நீளமும் அது செல்லும் பாதையும் மாறக்கூடும். சில மாடல்களில் இரண்டு பூட்டுகள் இருப்பதால் கேபிளும் இரண்டு துண்டுகளாக, நடுவே ஓர் இணைப்புப் பெட்டியோடு வரும். ஒரே மாடல் என்று விற்பவர் சொல்வது போதாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாகக் கடையில் பாக எண்ணைப் பெற்று, இணையத்தில் விற்பவர் வெளியிட்ட படத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பணம் செலுத்துங்கள்.

ஈசூன்வாசி:
அனைவருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி தம்பியைப் பானட்டை அழுத்தச் சொல்லிவிட்டுக் குறடால் இழுத்தேன், திறந்துகொண்டது. பிடியின் பக்கம் குமிழ் கழன்றிருக்கிறது; பூட்டின் பக்கமும் சில இழைகள் அறுந்திருக்கின்றன. பூட்டு மிகவும் இறுகியிருக்கிறது. புதிய கேபிளுக்கே சொல்லிவிட்டேன். அது வரும்வரை காரை ஓட்டலாமா?

காக்கி புக்கிட் பட்டறைக்காரர்:
நல்ல முடிவு ஐயா. பிரதானப் பூட்டு முழுமையாக விழுந்திருந்தால் ஓட்டலாம். பானட்டை மூடிய பிறகு முன்விளிம்பைக் கையால் மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள், சிறிதும் ஆடக்கூடாது. ஆடினால் அது பாதுகாப்புக் கொக்கியில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் தீவு விரைவுச்சாலைக்குப் போகவே வேண்டாம், காற்றின் வேகத்தில் கொக்கி விட்டுக்கொடுத்தால் பானட் எழும்பிக் கண்ணாடியில் மோதும், ஓட்டுபவருக்குச் சாலையே தெரியாது. எண்ணெயையும் குளிர்விப்பு நீரையும் இப்போதே பார்த்து நிரப்பிவிடுங்கள். குறடைக் காரிலேயே வைத்திருங்கள். பேட்டரி இறங்கிவிட்டால் பானட்டைத் திறக்க அது தேவைப்படும்.

புதிய கேபிளைப் பொருத்தியதும் பானட்டை உடனே மூடிவிடாதீர்கள். அது திறந்திருக்கும்போதே ஒரு ஸ்குரூடிரைவரால் பூட்டின் நாக்கைக் கீழே தள்ளிப் பூட்டச் செய்து, உள்ளிருந்து பிடியை இழுத்து, பூட்டு ஒவ்வொரு முறையும் முழுமையாக விடுபடுகிறதா என்று பலமுறை பார்த்த பிறகே மூடுங்கள்.