ரோபோ போட்டிக்கு மகளை அனுப்பலாமா?

தல்லாகுளத்து அம்மா:
மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்று, லெகோ துண்டுகளில் ரோபோ செய்து மேசைமேல் ஓட்டிக் காட்டும் போட்டிக்கு டீம் சேர்க்கிறார்கள், இவளையும் கேட்டிருக்கிறார்கள். கிட், பதிவுக் கட்டணம், பயணம் எல்லாவற்றையும் எட்டு வீட்டுக்குப் பங்கு போட்டாலும் எங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டுகிறது. அரையாண்டுத் தேர்வும் நெருங்குகிறது. அவளுக்குக் கொள்ளை ஆசை. அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி வாத்தியார்:
வேண்டாம் என்பேன் அம்மா. போன வருடம் இப்படி ஒரு போட்டியைப் பார்க்கப் போனேன். கோச் ஒருவர் லேப்டாப்பை மடியில் வைத்துக் கோடிங்கை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரே நிற டி-ஷர்ட்டில் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒரு பையனிடம், "இந்தச் சென்சார் எதுக்குப்பா?" என்றேன். அவன் கோச்சின் முகத்தைப் பார்த்தான்.

அதைவிட வேறு வழி இருக்கிறது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து சொந்த ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆய்வு செய்ய வேண்டும். அதற்காக என் மாணவிகள் இரண்டு பேர் வாரா வாரம் கண்மாயின் மூன்று இடங்களில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, நிறம், வாடை, கலங்கல் என்று நோட்டில் எழுதிவந்தார்கள். பெரிய செலவே இல்லை. எதைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் பதில் சொன்னார்கள்.

முனிச்சாலைத் தம்பி:
சார், ஒரு கோச் செய்த தப்புக்குப் போட்டியையே ஒதுக்கலாமா? நான் இரண்டு வருடமாக ஒரு டீமுக்கு உதவுகிறேன். மேசையில் ஆட்டம் இரண்டரை நிமிடம்தான். ரிமோட் கிடையாது, ரோபோ தானாகவே ஓட வேண்டும். நடுவில் கையால் தூக்கினால் மதிப்பெண் குறையும். அந்த ஆட்டம் ஒரு பங்குதான். ரோபோவை எப்படி வடிவமைத்தார்கள், என்ன ஆய்வு செய்தார்கள், குழுவாக எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் தனித்தனியாக மதிப்பெண் உண்டு. நடுவர்கள் பிள்ளைகளிடம்தான் கேட்பார்கள், கோச் வாய் திறக்கக் கூடாது. கடன் வாங்கிய கோடிங் அங்கே பல்லிளித்துவிடும்.

எங்கள் டீமில் ஒரு நாள், முந்தின மாலை சரியாகத் திரும்பிய ரோபோ காலையில் கோணலாகப் போனது. கோடிங்கில்தான் தப்பு என்று எல்லோரும் அதையே நோண்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் டயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். விரலெல்லாம் தூசி. ஈரத்துணியால் துடைத்து ஓட்டினாள், கொஞ்சம் தேறியது. அப்புறம் பேட்டரி நிறைய இருக்கும்போதும் இறங்கியபோதும் ஓட்டிக் குறித்துவைத்தாள். கடைசியில், ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் ரோபோ பின்னால் வந்து மேசைச் சுவரில் முட்டி நேராகிக்கொள்ளும்படி மாற்றிவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை சார்.

வாடிப்பட்டி வாத்தியார்:
அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் தம்பி. ஆனால் அந்த மேசை வரைக்கும் வர யாருக்கு முடிகிறது? அடல் டிங்கரிங் லேப் என்று, பிள்ளைகள் கருவிகளைக் கையாண்டு பொருள் செய்து பழகும் கூடம் அமைக்கப் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு கொடுக்கிறது, 6 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் சாமான் தொலைந்துவிடும் என்று அலமாரியைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். திருகாணி முடுக்கத் தவிக்கும் பிள்ளை கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. வயிறு எரிகிறது.

முனிச்சாலைத் தம்பி:
அதில் நானும் உங்கள் பக்கம்தான் சார். பூட்டைத் திறக்கச் சொல்லிச் சண்டை போடுவோம். அதற்காகக் கிடைக்கிற பிள்ளையைத் தடுக்க வேண்டுமா?

அவனியாபுரம் அக்கா:
பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் இருந்த டீமில் பையன்கள் ரோபோவை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. பெண் பிள்ளைகளுக்குச் சார்ட் ஒட்டுவதும் மேடையில் பேசுவதும்தான். "உனக்குத்தான் கையெழுத்து அழகு" என்று சொல்லியே ஒதுக்கிவிட்டார்கள். மூன்று மாதத்தில் ஒரு மோட்டாரைக்கூட அவள் மாட்டவில்லை. தங்கச்சி, உங்கள் மகள் கையில் எதைக் கொடுப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்.

முனிச்சாலைத் தம்பி:
உண்மை அக்கா. முதல் வருடம் எங்கள் டீமிலும் அப்படித்தான் ஆனது, நான் கவனிக்கவில்லை. இப்போது வாரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிவிடுகிறோம்.

தல்லாகுளத்து அம்மா:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை பயிற்சியைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப் யார் மடியில் இருக்கிறது, என் மகள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன். வாத்தியார் சார், அந்த அறிவியல் மாநாட்டுக்குப் பெயர் கொடுக்க எப்போது பள்ளியில் கேட்க வேண்டும்?