பாளையங்கோட்டையில் காலியாகக் கிடக்கும் குவார்ட்டர்ஸ்: உள்ளே போய்ப் படம் எடுக்கலாமா?

வடக்குத்தெரு சைக்கிள்:
எங்கள் பக்கம் நாலு மாடிக் குவார்ட்டர்ஸ், மூன்று பிளாக், பத்து வருடமாக ஆளில்லாமல் கிடக்கிறது. எந்த இடம் என்று சொல்லவில்லை, ஊர்க்காரர்களுக்கு எப்படியும் தெரியும். சீமைக்கருவை முதல் மாடி சன்னல் வரை வளர்ந்துவிட்டது, கதவு நிலைகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், முன்பக்கச் சுவரும் பாதி விழுந்துவிட்டது. அதனால் சாயங்காலம் மேற்கு வெயில் அடிக்கும்போது ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு வீடு நீலம், மேல் வீடு ரோஸ், அதற்கும் மேலே பச்சை என்று அவரவர் அடித்த சுண்ணாம்பு தனித்தனியாகத் தெரிகிறது. அதை உள்ளே போய் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பேய் வீடு என்று ரீல்ஸ் போடுகிற ஆள் இல்லை நான். ஆடு மேய்க்கிறவர்கள் உள்ளே போய்வருகிறார்கள். தட்டட்டி (மொட்டை மாடி) வரை ஏறலாமா?

சென்ட்ரிங் பலகை:
ஆடு கீழேதான் மேயும் தம்பி, மாடி ஏறாது.

20 வருடம் சைட்டில் நின்றவன் சொல்கிறேன். காலிக் கட்டடத்தில் முதலில் போவது கதவும் சன்னலும். அது போனதும் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் மழை நேராக வீட்டுக்குள் அடிக்கும். தட்டட்டியில் மழைநீர்க் குழாய் வாயை அரசங்கன்று அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கும், ஈரம் கம்பி வரை இறங்கும். துருப்பிடித்த கம்பி பழைய கனத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அதனால்தான் கான்கிரீட் பொரிந்து தட்டுத்தட்டாக விழுகிறது. இது கண்ணுக்குத் தெரியும், பார்த்து நடந்துகொள்ளலாம். தெரியாதது பால்கனி. அதில் தாங்குகிற கம்பி மேல்பக்கம் இருக்கும், தண்ணீர் தேங்குவதும் மேல்பக்கம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பூச்சு கன்னம்போல வழவழவென்று இருக்கும், மேலே கம்பி பாதி கரைந்திருக்கும். ஆள் போய் நின்றதும் விரிசல் கிரிசல் எதுவும் காட்டாமல் மொத்தமாகத் தொங்கிவிடும். சன்ஷேடும் அதே கதைதான். படம் எடுக்கிறவர்கள் போய் நிற்கிற இடமும் அதுதான், சவத்தை என்ன சொல்ல.

2021 டிசம்பர் 17 நம்ம திருநெல்வேலியில் பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பையன்கள் செத்தது ஞாபகம் இருக்கும். பத்து நாள் கழித்து 27ஆம் தேதி சென்னை திருவொற்றியூரில் 24 வீடு உள்ள குடியிருப்பு பிளாக் அப்படியே உட்கார்ந்தது. விரிசலைப் பார்த்து ஆட்கள் முன்னாலேயே வெளியே வந்ததால் உயிர் தப்பியது. அங்கே விரிசலைக் கவனிக்க ஆள் குடியிருந்தது, உங்கள் குவார்ட்டர்ஸில் யார் இருக்கிறார்கள்?

முறப்பநாடு பஸ்:
டிரோன் விடலாம் என்று யாராவது யோசனை சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு காலிக் கட்டடத்தில் தண்ணித்தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ முறம் அகலத்துக்குத் தொங்கியது, நாங்கள் கவனிக்கவில்லை. டிரோன் பக்கத்தில் போன சத்தத்துக்கே கிளம்பிவிட்டன. மூன்று பேர் ஓடினோம், எனக்கு மட்டும் தலையில் பதினேழு கொடுக்கு, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி. அப்புறம் படிக்கு அடியில் குப்பை சேர்ந்திருந்தால் விரியன் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் விஷயமும் இருக்கிறது. அரசுக் கட்டடம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அத்துமீறல் என்று வழக்கு எழுத முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 447, 448 பிரிவுகள், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 329. மனு கொடுத்து, கூட ஒரு ஆளோடு போனால் தரைத்தளமாவது பார்க்கலாம். மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளையும் இப்போது இப்படித்தான் ஆளாளுக்குப் படம் எடுக்கக் கிளம்புகிறார்கள். 2024 வரை தோட்ட வேலை நடந்த இடம் அது, அதற்குள் பேய் வந்துவிட்டதாம்.

பழைய பி பிளாக்:
நீங்கள் சொல்லும் ரோஸ் சுவர் இரண்டாவது மாடி என்றால் அது எங்கள் வீடு.

அப்பா வேலையில் இருந்தவரை பதினோரு வருடம் அங்கேதான். மோட்டார் ஓடினாலும் முதல் மாடிக்கு மேல் தண்ணீர் ஏறாது, கீழே குழாயடியில் பிடித்துக் குடம் குடமாகத் தூக்குவோம், அதனால் மூன்றாம் மாடி அத்தைக்கு ஆயுசுக்கும் முழங்கால் வலி. கோடையில் எல்லா வீட்டுப் பாயும் தட்டட்டியில்தான், கூழ்வற்றல் காய்வதும் அங்கே, காக்கா விரட்டுகிற வேலை எனக்கு. வாருகால் அடைத்தால் மூன்று பிளாக்கும் சண்டை போடும்.

காலி செய்த அன்று வண்டிக்காரர் அவசரப்படுத்தியதில் அம்மியை இறக்க ஆள் கிடைக்கவில்லை. குழவியை மட்டும் அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அது இப்போது எங்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. மிக்ஸி போடும்போதெல்லாம் அம்மியை விட்டுவந்த பேச்சு வரும். தம்பி, அம்மி கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லமுடியுமா?

வடக்குத்தெரு சைக்கிள்:
அண்ணாச்சி சொன்னதைப் படித்த பிறகு உள்ளே போகவில்லை. எதிர்வீட்டு மாடியில் கேட்டு ஏறி, 300 எம்.எம். லென்ஸ் போட்டுப் பார்த்தேன், நினைத்த படமும் கிடைத்தது. அக்கா, சமையல்கட்டுச் சன்னல் வழியாக மேடை பாதிதான் தெரிகிறது. அதற்குக் கீழே கறுப்பாக ஒன்று கிடக்கிறது. அம்மியா, இடிந்த கல்லா, சத்தியமாகத் தெரியவில்லை. ஏறிப் பார்த்துவிடவா?

சென்ட்ரிங் பலகை:
ஏறாதீர்கள். என்றைக்காவது இடிக்க ஏலம் விடுவார்கள். எடுக்கிற காண்ட்ராக்டருக்குக் கம்பியும் மிச்ச மரமும்தான் காசு, அம்மி அவருக்குச் சுமை. முதல் நாளே போய்ச் சொல்லி, ஆட்களுக்கு டீக்காசு கொடுத்தால் பத்திரமாக இறக்கிவைப்பார்கள், நானே இரண்டு ஆட்டுக்கல் அப்படி இறக்கிக் கொடுத்திருக்கிறேன். அம்மா, எந்த வீடு, எந்தப் பக்கம் என்று தெளிவாக எழுதிவையுங்கள்.

பழைய பி பிளாக்:
பி பிளாக், இரண்டாவது மாடி, படி ஏறினதும் இடது கை. அம்மி சமையல்கட்டில் சன்னலுக்குக் கீழே. ஒரு மூலை உடைந்திருக்கும், அது நான் உடைத்தது.