புதுப்பிப்பு: வெள்ளைப் பொன்னியில் வந்தது குலை நோய்தான்

வெள்ளைப் பொன்னி நெல் நட்ட சம்பா வயலில் இலைகள் தீய்ந்தாற்போல் கிடக்கின்றன, இது சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியின் வேலையா என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். இல்லை, பூஞ்சையால் வரும் குலை நோய்தான். தூரை விலக்கிப் பார்த்தேன், ஒரு பூச்சிகூட இல்லை. இலையில் கண் வடிவப் புள்ளிகள். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நோய் எங்கள் தஞ்சை டெல்டாவில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பிறகு அறிந்தபோது மனம் கனத்தது.

பயிர் வெளுத்ததாக நினைத்து யூரியாவை ஒரே தடவையில் கூடுதலாக இட்டுவிட்டேன். தழைச்சத்து மிகுந்த இளந்தாளும், இரவுக் குளிரும், காலை பத்து மணிவரை காயாத பனியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

மேலுரத்தை நிறுத்தினேன். வரப்புப் புல்லை அறுத்தேன். டிரைசைக்ளசோல் 75 சதவீதப் பூஞ்சைக்கொல்லித் தூளை ஏக்கருக்கு 200 கிராம் வீதம் தெளித்தேன். பழைய புள்ளிகள் மறையவில்லை, மறையவும் செய்யாது. ஆனால் புதிதாக விரியும் இலைகள் சுத்தமாக வருகின்றன.

பயமெல்லாம் இனி கழுத்துக் குலைக்குத்தான். கதிரின் கழுத்து கறுத்தால் மணி பதராகிவிடும். அதனால் பயிர் பொதி கட்டியதிலிருந்து, அதாவது தாளுக்குள் கதிர் திரண்டதிலிருந்து, தினமும் விடியலில் வயலில் நிற்கிறேன். கதிர் தலைகாட்டும்போது இரண்டாம் தெளிப்பு.