நாய் வளர்ப்பகச் சட்டம்: முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றா?

பாகூர்வாசி
தமிழ்நாடு அரசு 2024இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, சௌ சௌ என்று நம் வெயில் தாங்காத 11 இனங்களைப் பெருக்கக் கூடாது என்றது. இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு எப்படி முடிந்தாலும் நம் பக்கச் சிக்கல் தீராது. கடலூர் பக்கம் ரெட்டிச்சாவடியில் தடை வந்தால், பெட்டையை வண்டியில் ஏற்றி எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டிவிட்டால் போதும். புதுச்சேரி யூனியன் பிரதேசம், தமிழ்நாட்டுக் கொள்கை அங்கே செல்லாது. நாய் வளர்ப்பகங்களுக்கென்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்தான்.

நான் கேட்பது இதுதான்: கடலூர் மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் ஒரே கொட்டகை விதி, சொல்லாமல் வரும் ஆய்வு, மீறினால் உரிமம் ரத்து. எதிர்ப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஷெப்பர்டு லேப்
எதிர்க்கிறேன். 2017 விதிகளையே யாரும் நடைமுறைப்படுத்தவில்லை, அதற்குள் இன்னொன்று எதற்கு? அந்த விதிப்படி பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் போட வேண்டும், 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. ஒழுங்காகச் செய்பவர் இதையெல்லாம் செய்கிறார். பேருந்து நிலையத்துக்கு வெளியே அட்டைப்பெட்டியில் 35 நாள் குட்டியை வைத்து விற்கும் புரோக்கரிடம் யார் கேட்டார்கள்? புதுச் சட்டம் வந்தாலும் விலாசம் உள்ளவர் வீட்டுக்குத்தான் அதிகாரி வருவார். விலாசமே இல்லாதவரை எங்கே போய்ப் பிடிப்பார்?

கால்நடை மருத்துவர் மஞ்சக்குப்பம்
புரோக்கர் 35 நாளில் விற்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு குட்டிக்குத் தனித்தீனி, முதல் தடுப்பூசி, குடற்புழு மருந்து என்று செலவு ஏறும். ஆபத்தும் அங்கேதான். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும். அது மிச்சமிருக்கும்வரை ஊசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறோம். இந்த இடைவெளியில் குட்டி நான்கு கை மாறினால் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். வாங்கிய வீட்டில் நான்காம் ஐந்தாம் நாள் வாந்தி, பிறகு ரத்தக் கழிச்சல். அதற்குள் விற்றவர் எண் அணைந்திருக்கும்.

ஆகவே ஷெப்பர்டு லேப் சார் சொல்வது பாதி சரி. ஆனால் ஒழுங்கான கென்னல்களிலும் (வளர்ப்பகங்களிலும்) கொட்டகை நிலைமை எப்படி இருக்கிறது? பெரும்பாலும் கல்நார் ஷீட், சிமென்ட் தரை, பினாயில். பார்வோ வைரஸ் பினாயிலுக்கு அசையாது. ப்ளீச்சிங் பவுடர்தான் வேலை செய்யும், அதுவும் முறையாகப் போட்டால்: முதலில் மலம், முடி, தீனித் துணுக்கை எல்லாம் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். பிறகு 10 லிட்டர் வாளிக்குச் சுமார் 60 கிராம் நல்ல பவுடரைக் கரைத்து, தெளிய விட்டு, மேல் நீரை ஊற்றிப் பத்து நிமிடம் தரை ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். அப்புறம் கழுவி, காய்ந்தபின்தான் நாயை உள்ளே விடலாம். கடற்கரைக் காற்றில் திறந்த மூட்டை சில வாரத்திலேயே வீரியம் இழந்துவிடும், வாசனை மட்டும் மிஞ்சும். ஆய்வுக்கு வருபவர் பார்க்க வேண்டியது சான்றிதழை அல்ல, அந்த மூட்டையை.

பாகூர்வாசி
தரையின் சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டாக்டர். 50 அடிக்கு ஒரு அடியாவது சாய்வு இல்லையென்றால் மூத்திரம் மூலையில் தேங்கி நெடி கண்ணை எரிக்கும். நாய் நாள் முழுக்க அதில் படுத்திருக்கும். நம் பகுதிக்கு இன்னொன்று: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணைக் கரை முழுக்கத் தண்ணீர். தரை மட்டத்தில் கூண்டு வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது என்று எந்த விதியாவது சொல்கிறதா? வெள்ளம் வடிந்ததும் எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். கூண்டு தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும், பூட்டு வெளியிலிருந்து யாரும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஷெப்பர்டு லேப்
அதை ஏற்கிறேன். ஆனால் இனப்பெருக்க வரம்பு விதிகளை அறிவியல் இல்லாமல் எழுதுகிறார்கள். 18 மாதத்தில் பெட்டையை மேட்டிங் விடலாம் என்கிறது 2017 விதி. லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயை 24 மாதத்தில் எடுத்தால்தான் முடிவு உறுதி. அதாவது விதி பெரிய இனத்துக்குச் சீக்கிரம். அடுத்து, ‘ஒரு ஹீட் (பெட்டை இணையும் பருவம்) விட்டு ஒரு ஹீட்’டில்தான் மேட்டிங் விட வேண்டும் என்பதைப் பொன்விதி போலச் சொல்கிறார்கள். பெட்டைக்குக் குட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹீட்டுக்குப் பின் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரான் என்ற கர்ப்பகால ஹார்மோன் ஏறித்தான் இருக்கும். வெறுமனே போகும் ஒவ்வொரு சுற்றும் கருப்பையில் சீழ் பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நல்ல உடல்நிலையில் அடுத்தடுத்து எடுத்து, இளமையிலேயே கருத்தடை செய்துவிடலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. டாக்டர் மறுப்பாரா?

கால்நடை மருத்துவர் மஞ்சக்குப்பம்
மறுக்க மாட்டேன், உடலியல் அப்படித்தான். ஆனால் அந்த ஆலோசனை ‘நல்ல உடல்நிலையில்’ என்ற நிபந்தனையில் நிற்கிறது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று ரத்தம் பார்த்திருக்க வேண்டும். கொட்டகைச் சுவரின் வெடிப்பில் உண்ணி முட்டையிட்டுக் கிடக்கும் இடத்தில் எத்தனை பெட்டைகளுக்கு இது பொருந்தும்? எட்டுக் குட்டிக்குப் பால் கொடுத்த பெட்டை அடுத்த ஹீட்டில் திரும்பவும் சுமந்தால் முதுகெலும்பு வரிசையாக எண்ணலாம். நீங்கள் சொல்வது கவனமாக வளர்ப்பவருக்கு. சட்டம் கவனமில்லாதவரை நினைத்து எழுதப்படுவது. விதியில் ஆயுளுக்கு ஐந்து ஈற்று, எட்டு வயது என்று வரம்பு இருப்பது அதனால்தான்.

புரூசெல்லா என்ற பாக்டீரியா தொற்றுக்கான பரிசோதனையைத்தான் கட்டாயமாக்க வேண்டும். மேட்டிங்கில் பரவும், கரு கலையும், மனிதருக்கும் தொற்றும். கூலிக்குக் கடுவன் அனுப்புகிறவர்கள் யாரும் கேட்பதே இல்லை.

கன்னி சிப்பிப்பாறை
எல்லோரும் பெரிய கென்னலையே பேசுகிறீர்கள். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் என்ற நாட்டு நாய்களை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு பெட்டை, ஒரு கடுவன் வைத்திருக்கும் விவசாயிகள். வேப்பமர நிழலும் வயலும்தான் கொட்டகை. அவர்களிடம் 5,000 ரூபாயும் கம்பிக் கூண்டும் கேட்டால் நாயை விட்டுவிடுவார்கள். வேகத்துக்கென்று பிறந்த நாயைக் கூண்டில் அடைக்கச் சொல்வதே கொடுமை. இரண்டு பெட்டை வரை விலக்கு கொடுங்கள்.

பாகூர்வாசி
விலக்கு கொடுத்தால் பத்துப் பெட்டை வைத்திருப்பவர் ஐந்து வீட்டில் பங்குக்கு விடுவார் அண்ணா. இப்போதே நடக்கிறது: தீனி வீட்டுக்காரர் பொறுப்பு, முதல் குட்டி அவருக்கு, மீதி உரிமையாளருக்கு.

கன்னி சிப்பிப்பாறை
அப்படியானால் வீட்டை எண்ணாதீர்கள், சிப் யார் பெயரில் இருக்கிறதோ அவரை எண்ணுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே போடும் 15 இலக்கச் சிப் எந்த வீட்டில் இருந்தாலும் ஒரே எண்தானே?

ஷெப்பர்டு லேப்
அதற்கு ஸ்கேனர் வேண்டும், எண்ணைத் தேடிப் பார்க்க ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். இவை இல்லாவிட்டால் சிப் தோலுக்கடியில் கிடக்கும் கண்ணாடித் துண்டுதான். நான் ஒரே ஒரு விதிக்கு முழுதாகக் கையெழுத்துப் போடுவேன்: குட்டி விற்கும் ரசீதில் தாயின் சிப் எண்ணும் பிறந்த தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே எண் ஒரே ஆண்டில் இரண்டு ஈற்றுக்கு வந்தால் தானே தெரியும். தாயே இல்லாத புரோக்கரால் எண் எழுத முடியாது.

கால்நடை மருத்துவர் மஞ்சக்குப்பம்
இதைக் குறித்துக்கொள்கிறேன். தண்டனையையும் சேருங்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு பக் குட்டியின் விலையில் அது என்ன? பணத்தைவிட, ரசீதில்லாமல் விற்ற குட்டியின் சிகிச்சைச் செலவை விற்றவரே கட்ட வேண்டும் என்று எழுதினால் பயம் வரும்.

பாகூர்வாசி
அப்படியானால் வரைவில் நான்கு விஷயம் வைக்கிறேன்: ரசீதில் தாய் எண், மேட்டிங்குக்கு முன் புரூசெல்லா, வெள்ளக் காலக் கூண்டு விதி, சிகிச்சைச் செலவு. கூண்டின் அளவு, ஈற்றுகளுக்கு இடையே விடும் இடைவெளி பற்றி இன்னும் ஒத்துப்போகவில்லை. ஷெப்பர்டு லேப் சார், பெரிய இனத்துக்கு ஒரு நாய்க்கு எவ்வளவு தரை வேண்டும் என்று உங்கள் கணக்கை எழுதுங்கள். நாட்டு நாய்க்கு ஓட விடும் நேரத்தைக் கன்னி அண்ணா எழுதட்டும். இரண்டையும் பார்த்தபின் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம் இரண்டு பக்கத்து வளர்ப்பவர்களுக்கும் அனுப்பலாம்.